எழுத்தில்லாத வரைபடமும் யோகா அக்காவும்

துணுக்காய் யோகா அக்கா இல்லையாம்.

காலையில் அவருடைய மகள் கோல் எடுத்துச் சொன்னார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "ஓம், ஓம்" என்று சொல்லி போனை வைத்தேன். அதற்குப் பிறகு பிளேன்டீ போட்டுக் குடித்தேன். அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாயிகளுக்கான கமநல அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். பிறகு ஸ்கூட்டியில் திரிந்து, துணுக்காய்ப் பக்கத்துக் குளங்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடமாகக் கீறித் தமிழ் விக்கியில் போட்டவர்.

எனக்கும் அவருக்கும் சண்டை தொடங்கியதே அந்த வரைபடத்தில்தான்.

தமிழ் விக்கியில் போட்டால் தமிழ்ப் பக்கங்களில் மட்டும்தான் காட்டலாம். விக்கிகளின் பொதுக் களஞ்சியத்தில் போட்டால் எந்த மொழி விக்கியும் எடுத்துப் பயன்படுத்தும். ஆனால் படத்தில் எழுத்து இல்லாமல் இருந்தால்தான் எல்லாருக்கும் வசதி. அதனால் பெயர்களை எடுத்துவிட்டு அங்கே மாற்றுங்கள் என்று வவுனியா நெளுக்குளத்தில் இருந்துகொண்டு நான் நச்சரித்தபடியே இருந்தேன்.

"பேரை எடுத்துப்போட்டுக் குடுத்தால் ஆரும் தங்கட பேரை எழுதிப்போடுவினம் தம்பி."

"இப்பவும் ஆரும் அழிச்சு எழுதலாம்தானே அக்கா?"

"அழிச்சால் அழிச்ச இடம் தெரியும். வெறுமையா விட்டால் முந்தி ஒண்டும் இருக்கேல்லை எண்டுதான் நினைப்பினம்."

ஒரு சிங்கள விக்கி நண்பர், தங்கள் பக்கத்துக்கும் அந்த வரைபடம் வேண்டும் என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார். அக்காவுக்கு அதில் சந்தோசம்தான். "குடுக்க விருப்பம் தம்பி. பேரில்லாமல் குடுக்கத்தான் பயமாக் கிடக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அக்காவின் பிடிவாதம் அப்படி.

ஒருமுறை துணுக்காய்க்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, "வாரும், ஒரு இடம் காட்டுறன்" என்று வயல் பக்கம் கூட்டிப்போனார். சின்னக் குளம். தண்ணீர் வற்றி, நடுவில் நாலைந்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"வீரையடிக்குளம். இடம்பெயர்ந்து திரும்பி வந்து பாத்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை. இந்தக் குளக்கட்டை வைச்சுத்தான் எங்கட காணி எது எண்டு பிடிச்சனாங்கள்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மாடுகளைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

போன கிழமை அவரே கோல் எடுத்தார்.

"போட்டிட்டன் தம்பி. உம்மட பொதுக் களஞ்சியத்தில. படத்தில நம்பர் மட்டும், பேரெல்லாம் கீழ தனிய. இனி எல்லாரும் எடுக்கட்டும். சந்தோசமா?"

"சந்தோசம் அக்கா" என்றேன். என் கடையில் ஆட்கள் நின்றார்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன்.

எல்லாக் குளத்துக்கும் நம்பர். ஒன்றே ஒன்றைத் தவிர. வயலோரத்தில் அந்தச் சின்ன நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் மட்டும் தமிழில் 'வீரையடிக்குளம்' என்று இருக்கிறது.

மறந்து விடுகிற ஆள் இல்லை அவர்.

கீழே யாரோ ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். படத்தில் ஓர் இடத்தில் எழுத்து இருக்கிறது, நீக்கிவிட்டு நம்பர் போட முடியுமா என்று. நியாயமான கேள்வி. நானே கேட்டிருப்பேன். ஐந்து நிமிட வேலை.

"அது ஒரு குளத்தின் பெயர். தயவுசெய்து அப்படியே விடுங்கள்" என்று பதில் எழுதினேன். விடுவார்களோ தெரியாது.

நாளைக்குப் பின்னேரம் அக்காவை எடுக்கிறார்களாம். வவுனியாவில் இருந்து வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.

போயிட்டு வாங்கோ அக்கா.

வீரையடிக்குளத்தில நான் கை வைக்கேல்லை.