படக்குழாய்ப் பொடியும் எங்கள் அக்காவின் மூச்சும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கும்போது, அவர் எதனால் போனார் என்பதையும் மறைக்காமல் எழுத விரும்புகிறேன்.

மாநில எல்லையோரத்து எருத்தேன்பதியில், கடலைக்காட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பா இறந்தபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தாம். கிணறு வற்றி விவசாயம் நின்றபோது, கோவிந்தாபுரம் சாலையில் இருந்த பழைய டிவி குடோனுக்கு வேலைக்குப் போனார்.

அங்கே டிவிப் பெட்டிகளின் படக்குழாய்களை உடைத்து, முகப்புக் கண்ணாடியின் உள்ளே படிந்திருக்கும் பொடியைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். திரைக்கு நிறம் தரும் அந்தப் பொடியில் அரிய உலோகங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுக்க, மூட்டை மூட்டையாக வெளியூருக்குப் போகும். சன்னல் இல்லாத தகரக் கொட்டகை. மூக்குக்குச் சேலைத் தலைப்புதான். ஆள் போதவில்லை என்றபோது, எங்கள் தெருப் பெண்களையும் அக்காவே அழைத்துச் சென்று சேர்த்துவிட்டார்.

பிறகு இருமல் வந்தது. காசநோய் என்று பயந்தோம். சோதனையில் அது இல்லை. என்ன வேலை என்று மருத்துவர் கேட்டதும், அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொடியைக் காட்டினார்.

"தெனமும் இதத்தானுங்க சுரண்டறோம். இதுதான் நெஞ்சுக்குள்ள போயிருக்குமுங்களா?"

நுரையீரல் தழும்பேறிவிட்டது, இனி சரியாகாது என்றார் மருத்துவர்.

அக்கா அழவில்லை. பக்கத்து வீட்டு மருதாளும் இருமத் தொடங்கியிருந்தாள். "நாந்தானே கூட்டிட்டுப் போனேன், தம்பி. நாந்தான் நிறுத்தோணும்" என்றார். உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாக முதலாளி சொல்லியனுப்பியதை மறுத்துவிட்டு, பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்து குடோனைப் பூட்டினார்கள். முதலாளியோ எல்லைக்கு அப்பால் வேறோர் ஊரில் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

வேலை போன கோபத்தில் தெருவே எங்களோடு பேச்சை நிறுத்தியது. மருதாள் மட்டும் வாசலுக்கு வந்து கேட்டாள்: "உங்களுக்குச் சீக்கு வந்தா எங்கூட்டு அடுப்பையும் அணைக்கோணுமாக்கா?"

"நீ உசுரோட இருக்கோணும், கண்ணு" என்றார் அக்கா. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

கடைசி மாதங்களில் அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருக்கும். சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார்.

நோயின் வேதனையைத் தணிக்க வீடு தேடி வந்து பார்த்த பாலியேட்டிவ் நர்சம்மாவுக்கும், ஆக்சிஜன் சிலிண்டரைத் தம் ஆட்டோவில் ஏற்றி வந்த நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மருதாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒருநாள் தானாகவே வந்து, அக்காவின் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து அமர்ந்தாள். அதன்பின் தினமும் வந்தாள். அவள்மேல் சாய்ந்தபடியேதான் அக்காவின் மூச்சு நின்றது. அதை முதலில் அறிந்தவளும் அவள்தான்.