கழுத்துக் குழாயும் ஒரு சிட்டிகை விபூதியும்

கழுத்து ரத்தக்குழாயில் மருந்துக் குழாய் இறக்கும் வேலையில் ஊசி குத்துவது சில நிமிடம்தான், மிச்சமெல்லாம் மன்றாட்டு, ஐ.சி.யூ.வில் நர்ஸாகக் காலம் தள்ளும் சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்து

கீழ்பென்னாத்தூர் ஏழுமலைக்குக் கால் புண் சீழ் பிடித்து, ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அதைத் தூக்கி நிறுத்தும் மருந்தைக் கை நரம்பில் நெடுநேரம் விட்டால் கை வெந்துபோகும். கழுத்தில்தான் குழாய் போட வேண்டும். கணவரின் அண்ணன் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் அவர் மனைவி செல்வி. அன்று பௌர்ணமி. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் கிரிவலக் கூட்டத்தில் புகுந்து நடந்து வந்து சேர இரண்டு மணி நேரம். கெஞ்சிக் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினோம். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணன் சொன்னார்: "கழுத்துல குழாய் போட்ட எவனும் எங்க ஊருக்கு உயிரோட திரும்பினதில்லம்மா."

பச்சைத் துணி

எங்கள் டாக்டர் ஸ்கேனில் ரத்தக்குழாயைப் பார்த்துக்கொண்டேதான் குத்துவார். கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். அவர் கையுறை கட்டில் கம்பியில் உரசிவிட்டது. "சார், மாத்திடுங்க" என்றேன். முறைத்தார், மாற்றினார். கிருமி நீக்கிய பச்சைத் துணியால் ஏழுமலையைத் தலை முதல் கால் வரை போர்த்தினோம், கழுத்துக்கு மட்டும் ஒரு ஓட்டை. துணிக்கடியிலிருந்து குரல் வந்தது: "மூஞ்சிய மூடாதீங்க சார், நான் இன்னும் போவல."

விபூதி

ஒரே குத்தில் குழாய் இறங்கியது. நான்காம் நாள் ஏழுமலை கஞ்சி கேட்டார். அன்று மாலை பார்வை நேரம் முடிந்ததும் பார்க்கிறேன், குழாய் நுழையும் இடத்தை மூடிய பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்திருக்கிறது, உள்ளே கோயில் விபூதி. பதறிப்போனேன். டாக்டரிடம் சொல்லி, சுத்தம் செய்து, புதுப் பிளாஸ்திரி ஒட்டினேன். பிறகு வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் செல்வியைப் பிடி பிடியென்று பிடித்தேன். "இனிமே ஜுரம் வந்தா நீதாம்மா பொறுப்பு" என்றுகூடச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மேல வெச்சா ஒடம்புல படலீங்க, அதான் உள்ள வெச்சேன்."

மறுபக்கம்

இரண்டு நாளில் ஜுரம் வந்தது. பழைய குழாயை எடுத்துவிட்டு மறுபக்கம் புதிதாகப் போட வேண்டும் என்றோம். செல்வி இந்த முறை யாருக்காகவும் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டாள். பார்வை நேரத்தில் கதவைத் தாண்டி வரவே இல்லை, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனாள். வாம்மா என்று கூப்பிட்டும் பார்த்தேன். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

புதுக் குழாய் போட்ட மூன்றாம் நாள் ஏழுமலை இறந்துபோனார். கிருமி கால் புண்ணிலிருந்தும் பரவியிருக்கலாம், குழாய் வழியாகவும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதை அப்படியே செல்வியிடம் சொன்னேன். அன்றைக்கு அப்படித் திட்டியது என் தப்பு என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டாள். "இப்பவாச்சும் அவரத் தொடலாங்களா சிஸ்டர்?"

கழுத்தில் ஊசி குத்துமுன் பார்க்க வேண்டியவை என்று எங்களுக்கு ஒரு முழுப் பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், வாயைத் திறக்குமுன் பார்க்க ஒரு வரிகூடக் கிடையாது.