சரம் வெடித்த பிறகு ஒரு பந்து

எங்கள் லீக்குக்கு மொத்தம் பதினான்கு விதிகள். நிறம் விலகிப்போய்க் கழிக்கப்பட்ட புஸ்வாண லேபிள்களின் பின்பக்கத்தில் அவற்றை அச்சடித்திருந்தார்கள். அதனால் ஆறு கேப்டன்களின் சட்டைப்பையிலும் விதிகளோடு ஆளுக்கொரு புஸ்வாணமும் இருந்தது. அச்சடித்தவர் என் சித்தப்பா. விதிகளை எழுதியவரும் அவர்தான். ஆறு அணிகளில் ஒன்றுக்குக் கேப்டனும் அவர்தான். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

இப்போது டிவியில் வீரர்களை ஏலம் எடுப்பதைப் பார்க்கும் என் மகனிடம், இதெல்லாம் சிவகாசியில் முன்பே நடந்தது என்று சொன்னால் சிரிக்கிறான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதம் போல மூடிக்கிடக்கும். அந்த இடைவெளியில்தான் லீக். ஆறு கம்பெனிகள், ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் இரண்டு முறை ஆட வேண்டும். ஆக முப்பது ஆட்டங்கள். நாரணாபுரம் போகிற வழியில் இருந்த கரிசல் மைதானத்தில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பதினைந்து நாளில் முடிந்துவிடும். முதலிரண்டு இடம் பிடித்தவர்களுக்குப் பைனல். அணியில் ஏழு பேர் கம்பெனித் தொழிலாளர்கள். மீதி நான்கு பேர் சம்பளத்துக்கு ஆட வந்த வெளியூர்க்காரர்கள். வருகைப் பதிவேட்டில் இந்த நால்வரும் பேக்கிங் செக்‌ஷன். ஒரு பெட்டியைக்கூட அவர்கள் மடித்து நான் பார்த்ததில்லை.

முதல் வருடம் அந்த வெளியூர்க்காரர்களை ஏலத்தில்தான் எடுத்தார்கள். ஒரு பந்துவீச்சாளருக்காகச் சம்பந்திகளான இரண்டு முதலாளிகள் எதிரெதிராகக் கேட்டு, அதற்குப் பிறகு வளைகாப்புக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றுவிட்டது. மறுவருடத்திலிருந்து கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கல். சாமி கொடுத்த ஆள் சரியாக ஆடாவிட்டால் யாரையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் அணிக்கு ஸ்கோர் எழுதியது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறு பந்தையும் கத்தாமல் பார்க்கக்கூடிய ஆள் வீட்டில் நான் ஒருத்திதான் என்று சித்தப்பா சொன்னார். ஒவ்வோர் அணியும் ஒரு ஸ்கோரரைக் கொண்டுவர வேண்டும். இருவரும் ஒரே மேஜையில் தனித்தனி நோட்டில் எழுத வேண்டும். ஓவர் முடிந்ததும் ஒப்பிட்டு டிக் அடிக்க வேண்டும். ஒன்பதாம் விதி இப்படிச் சொன்னது: தகராறு வந்தால், இரண்டு நோட்டும் ஒத்துப்போனால் நோட்டு செல்லும், ஒத்துப்போகாவிட்டால் ஸ்கோர் போர்டு செல்லும்.

நான்காவது வருடம் நாங்கள் பைனலுக்கு வந்தோம். முந்தின நாள் எங்கள் முதலாளி சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கப்பு வந்தா டீமு இருக்கும். வரலைன்னா அந்தச் செலவுக்கு டெய்லி காலண்டர் அடிச்சுக் கடைகளுக்குக் கொடுத்துருவேன். அதையாவது வருசம் பூரா செவுத்துல மாட்டுவாக."

சித்தப்பா அன்று இரண்டு வாய்தான் சாப்பிட்டார். எங்கள் அணி போய்விட்டால் மிச்சம் ஐந்து. ஐந்தை வைத்து அட்டவணை போட்டால் எப்போதும் ஓர் அணி சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருகிறவனுக்கு எந்த முதலாளியும் சம்பளம் கொடுக்க மாட்டார். ஆகவே மொத்த லீக்கும் போய்விடும். இதை அவர் விரல் விட்டு எண்ணி எனக்கு விளக்கினார்.

பைனல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் பூஜை போட்டுக் கம்பெனிகளைத் திறக்கிறார்கள். டாஸ் போடும் முன்பே இரண்டு கம்பெனிகளும் தங்கள் சொந்தத் தயாரிப்பான சரவெடியை எல்லைக்கோட்டுக்கு வெளியே பாய் விரிப்பதுபோல் விரித்து வைத்துவிட்டன. ஜெயித்தவர் தன் சரத்தை வெடிக்கலாம். தோற்றவர் சுருட்டி எடுத்துப் போக வேண்டும். அப்படிச் சுருட்டுவதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வரும்.

நாங்கள் முதலில் ஆடி 148 எடுத்தோம். அவர்களுக்கு 149 வேண்டும். என் பக்கத்தில் அவர்கள் கம்பெனியின் ஸ்டோர் பொறுப்பாளர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஓவர் முடிந்ததும் "எம்புட்டு பாப்பா?" என்பார். நான் சொல்வேன். "சரி" என்பார். டிக்.

பதினாறாவது ஓவரில் ஒரு பந்து எல்லைவரை போனது. அம்பயர் நான்கு என்று கை காட்டினார். எங்கள் ஆள் கோட்டுக்கு உள்ளேயே நிறுத்திவிட்டதாகச் சத்தியம் செய்தான். அம்பயர் போய்ப் பார்த்துவிட்டு, ஓடிய இரண்டு ரன்தான் என்று மாற்றினார். நானும் அண்ணாச்சியும் நான்கை அழித்து இரண்டு எழுதினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த போர்டில் எண் எழுதிய தகரத்தை மாட்டுகிறவன், நான்கைக் கூட்டி மாட்டியதோடு கலர் சோடா குடிக்கப் போயிருந்தான்.

கடைசி ஓவர், ஐந்தாவது பந்து. இரண்டு ரன் ஓடினார்கள். பெரிய கூச்சல். திரும்பிப் பார்த்தேன். போர்டில் 149. அதற்குள் அவர்கள் மேனேஜர் ஊதுபத்தியைத் திரியில் வைத்துவிட்டார்.

பத்தாயிரம் வாலா. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. காற்றே இல்லை. வெள்ளைப் புகை மைதானத்தின் மேல் அப்படியே படுத்துக்கொண்டது. அதற்குள் அவர்கள் முதலாளி கழுத்தில் மாலையும் விழுந்துவிட்டது.

என் நோட்டில் 147. ஒரு பந்து பாக்கி.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு புகைக்குள் ஓடி, தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முகத்துக்கு நேராக விரித்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு என் கையைப் பிடித்து அம்பயரிடம் இழுத்துப்போனார்.

சரம் அடங்கியதும் மொத்தக் கூட்டமும் எங்கள் மேஜையைச் சுற்றி நின்றது. கோவில்பட்டியிலிருந்து வந்த அம்பயர் நேர்மையாகச் சொன்னார்: "நாலுன்னு காட்டுனேன், பெறகு ரெண்டாக்குனேன். அது நெசம். போர்டுல குறைச்சாகளா இல்லையான்னு நான் பாக்கலை. ரெண்டு நோட்டையும் காட்டுங்க."

என் நோட்டைக் காட்டினேன். அவர்கள் மேனேஜர் அண்ணாச்சியின் காதருகே குனிந்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"ரெண்டு ரன்னுதான அண்ணாச்சி. பென்சில்ல எழுதுனதுதான? ரப்பர் இருக்குல்ல?"

அண்ணாச்சி தூரத்தில் காரில் சாய்ந்து நின்ற தன் முதலாளியைப் பார்த்தார். மாலையைக் கழற்றாமல் அவரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டை அம்பயர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நூத்தி நாப்பத்தேழு. பாப்பா சொல்றது சரி."

எங்கள் பக்கம் எழுந்த சத்தம் அந்தப் பத்தாயிரம் வாலாவுக்குக் குறைந்ததல்ல. லேபிள் ஒட்டும் அக்கா ஒருத்தி, "ஏலே, வெடிச்ச சரத்தத் திரும்பக் கோத்துக்கிட்டு வாங்கலே!" என்று கத்தினாள். பிட்சில் விரித்த மேட்டிங் முழுக்கச் சிவப்புக் காகிதம். அதைக் கூட்டித் தள்ளவே கால்மணி நேரம் ஆனது. புகை கலைந்து மூன்று ஸ்டம்பும் தெரிகிறது என்று பந்து வீசுகிறவன் சொன்ன பிறகுதான் அம்பயர் ஆட்டத்தைத் தொடங்கினார். ஒரு பந்து, இரண்டு ரன்.

மாலை வாங்கிய பிறகு மறுபடி ஆடுவது எளிதல்ல போலிருக்கிறது. அவர்கள் ஆள் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்தான். மேலே இன்னும் புகை இருந்தது. பந்து அதற்குள் போய் மறைந்தது. மைதானமே வாயைப் பிளந்து மேலே பார்த்தது. சித்தப்பா இடப்பக்கம் நான்கு அடி நகர்ந்தார், பின்னால் ஓர் அடி வைத்தார், கையைக் குவித்தார். பந்து வந்து அதில் உட்கார்ந்தது.

ஒரு ரன்னில் வெற்றி. நோட்டில் எழுதும்போது என் பென்சில் முனை உடைந்தது. அண்ணாச்சிதான் தன் பென்சிலைக் கொடுத்தார்.

எங்கள் சரம் வெடித்தது. எங்கள் முதலாளி சித்தப்பாவைக் கட்டிப்பிடித்து, "அடுத்த வருசம் பந்து கொஞ்சம் ஒசத்தியா வாங்குலே" என்றார். டெய்லி காலண்டர் பேச்சு அத்தோடு முடிந்தது. சித்தப்பா தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். அது முழங்கால் வரை வந்தது. ஊருக்குள் திரும்பும் வழியெல்லாம், "ஸ்கோர் பாப்பா, எம்புட்டு?" என்று லோடு லாரியின் மேலிருந்து கேட்டார்கள். நூத்தி நாப்பத்தேழு என்று நான் கத்தினேன். அந்த லீக் பிறகு ஏழு வருடம் நடந்தது. அதை என் நோட்டுதான் காப்பாற்றியது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

மைதானத்தை விட்டுக் கிளம்புமுன் அண்ணாச்சி இரண்டு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஆட்கள் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

"இல்ல தாயி. நாளைக்குக் கம்பெனி தொறக்குறாக. நான் போகணும்ல."

விடியற்காலையில் எழ வேண்டும், அதனால் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் காகிதக் குப்பையின் மேல் நடந்து, தன் கம்பெனி ஆட்கள் நின்ற பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்.

மறுவருடம் அவர்கள் அணிக்கு ஸ்கோர் எழுத அந்தக் கம்பெனியின் புது ஸ்டோர் பொறுப்பாளர் வந்தார். அந்த வருட டைரி இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் ஆட்டத்தன்று இப்படி எழுதியிருக்கிறேன்: "புது ஸ்கோரருக்கு வேகம் போதாது. அண்ணாச்சி வரவில்லை. அவருக்குக் கிரிக்கெட் சலித்துவிட்டது போலிருக்கிறது."