வயல் இப்போ பச்சையா?

நேப்பாள மலையில் நானும் மனைவியும் நாள்கணக்கில் நடந்தபோது மேகம் எங்கள் காலடிக்குக் கீழே கிடந்தது. அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கணவாயைத் தாண்டாமல் திரும்பமாட்டேன் என்றாள்.

வழியில் தேநீர்க்கடைக்காரர் ஒருவர். குள்ளமானவர், வெயில் சுட்ட கன்னம். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விறைப்பாக சல்யூட் வைப்பார். மலேசியாவில், எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுங்கை புரோங் நெல் ஆலை வாசலில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்த்தவராம்; தமிழும் அங்கே கற்றதுதானாம்.

"மலை எங்கயும் ஓடாது லா, அக்கா. கால் போச்சுன்னா நான்தான் தூக்கணும்," என்றார் தமிழில்.

அவள் சிரித்துவிட்டாள். திரும்புவதென்று முடிவாயிற்று.

புறப்படும்போது மெல்லக் கேட்டார்: "அங்க வயல் இப்போ பச்சையா, அறுத்தாச்சா?"

அந்த வயலோரச் சாலையில்தான் தினமும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, கார் அந்த வயலருகே வரும்போதெல்லாம் அவள் கார்க் கண்ணாடியை இறக்குகிறாள்.

"பச்சைதான், தம்பி!" என்று வெளியே பார்த்து உரக்கச் சொல்கிறாள்.