மழைக்குச் சேர்த்த அரிசி

என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவர். தூக்கத் தெரிந்தவருக்கு வாங்கவும் தெரியும் என்று அவரிடம் யார் சொன்னார்களோ!

ஐப்பசியில் மழை பிடித்தால் அளத்தில் வேலை கிடையாது. பாத்தி காய்கிற வரைக்கும் கூலியும் கிடையாது. அதனால் புரட்டாசியிலேயே மளிகையை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுவோம். எப்போதும் அது என் வேலை. போன வருஷம் அவருக்கு யூடியூப் பார்த்து ஞானம் வந்துவிட்டது.

"உனக்கு இன்னா தெரியும்? மொத்தமா வாங்குறதுக்கு ஒரு டெக்னிக் இருக்குது" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மளிகைக் கடைக்குத் தனியாகப் போனார். கடைக்காரர் வாங்கிக் கொடுத்த ஒரு டீயிலேயே மயங்கியிருப்பார். மூன்று சிப்பம் அரிசி, ஒரு மூட்டை துவரம்பருப்பு, எங்கள் வீட்டில் யாருமே தொடாத சேமியா ஒரு பெட்டி. புளியை மறந்துவிட்டார். மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மனுஷன்!

கல்யாணச் சீர் இறக்குவது போல, தெருவே பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்தார். தரை ஈரம் ஏறிவிடுமாம். சீசன் முடிவில் முதலாளி கொடுத்த இரண்டு உப்பு மூட்டைகளைச் சுவரோரம் படுக்கப் போட்டு, அவற்றின் மேல் எல்லாவற்றையும் அடுக்கினார். எங்கள் தெருவில் உப்பு மூட்டைதான் பெஞ்சு. ஆனால் அதெல்லாம் வெயில் காலத்தில். மழையில் உப்பு தண்ணி விடும் என்பது இங்கே மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் தெரியும். இருபது வருஷம் உப்பு சுமந்தவருக்கு அன்றைக்கு அது நினைவில்லை. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. மேலே இருந்த சிப்பம் தீர்ந்து அடியில் இருந்ததை இழுத்தேன். கையெல்லாம் ஈரம். அரிசி மஞ்சளாகிக் கட்டி தட்டியிருந்தது, பருப்பு ஊறி நாறியது. கழுவிக் கழுவி உலை வைத்தும் வாயில் வைக்க முடியவில்லை. பிள்ளைகள் மூன்று வேளையும் அந்தச் சேமியாவைத்தான் தின்றன.

"மொத்தமா வாங்குனீங்களே, மொத்தமா போச்சு பாருங்க" என்று பத்து நாள் அவரை வறுத்தெடுத்தேன்.

கடைசியில் இரண்டு பேரும் ஒரே குடையில் அதே கடைக்குப் போய் இரண்டு கிலோ அரிசி கேட்டோம். விஷயத்தைக் கேட்டுக் கடைக்காரர் சிரித்தார்.

"ஏம்மா, உப்பு தண்ணி விடும்னு அளத்து ஆளுங்களுக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ங்க" என்றேன், பெருமையாக.

வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் அடுக்கும்போது நீ அங்கதான நின்னுட்டிருந்த?"

ஆமாம், நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை போதும், இறக்கி வைத்திருப்பார். அவர் மூக்கறுபடட்டும் என்று காத்திருந்தேன், என் பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைத்து.