பாயாசக் கரண்டி

என் அப்பாவின் வலது கையில் ஐந்து விரல்களும் இருந்தன. அதுதான் வினையாகப் போயிற்று. பீங்கான் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டைக்கு மண்ணை வைத்து அழுத்துகிற அச்சு மெஷின், ஒருநாள் மண்ணோடு சேர்த்து அவர் கையையும் அழுத்தியது. ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்டவைத்து அனுப்பினார்கள். காயம் ஆறிவிட்டது, விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை. நஷ்ட ஈடு கேட்டுக் கடலூரில் கேஸ் போட்டோம். எங்கள் வக்கீல் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விரல் போயிருந்தா இன்ன விரலுக்கு இவ்வளவுன்னு சட்டத்துலயே கணக்கு இருக்குது. இது இருந்தும் இல்லாத கை. வேலைக்கு ஆவாதுன்னு நாமதான் காட்டணும்” என்றார். துண்டாகப் போயிருந்தால் தேவலை என்பதுபோல அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

முதலாளியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அன்றைக்கு ரத்தத்தோடு அப்பாவைத் தன் காரில் போட்டுக்கொண்டு போனவரும் அவர்தான், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தவரும் அவர்தான். அதற்கப்புறம் “கை சரியாவட்டும், பாக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால் அப்பாவின் மெஷினில் வேறு ஆள் நின்றார். கேஸ் என்று வந்ததும், “கையெல்லாம் நல்லாதான் இருக்குது, வேலைக்கு வர மனசில்ல” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்குத் திட்டக்குடிப் பக்கமிருந்து வரன் வந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நல்ல இடம். அவர்களுக்கு இருந்த ஒரே கவலை அப்பாவின் கை. கை முடியாத ஆளென்றால் நாளைக்கு இந்தக் குடும்பத்தின் பாரமெல்லாம் தங்கள் பிள்ளை தலையில் விழுமே என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். அப்பா கையில் ஒரு கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “கை குணமாயிடுச்சிங்க. ஆஸ்பத்திரியில கெடந்த நாளுக்குச் சம்பளம் கேட்டு ஒரு கேஸு நடக்குது, அவ்வளவுதாங்க” என்று அவர்களிடம் சொன்னார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம். நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

கல்யாணப் பத்திரிகையை முதலாளிக்கும் வெற்றிலை பாக்கோடு கொண்டுபோய் வைத்தார் அப்பா. அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள்.

“யாரு மேல கேஸு போட்டமோ அவன் வூட்டுக்கே பத்திரிகையா? ஒனக்கு மான ரோசம் இருக்குதா?”

“இத்தினி வருசம் அவருட்டத்தான் சோறு தின்னோம். கேஸு வேற, கல்யாணம் வேற” என்றார் அப்பா.

முதலாளி வந்தார். மொய் எழுதினார். சம்பந்திக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவர் பந்தியில் வந்து தன் கையால் ஒரு பதார்த்தமாவது பரிமாற வேண்டும், அது எங்கள் பக்கத்து மரியாதை. அப்பா சமையல்கட்டுக்கு வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “பாப்பா, கரண்டிய கட்டி வுடு” என்று கையை நீட்டினார். பழைய வேட்டியைக் கிழித்து, கரண்டிக் காம்பை அவர் உள்ளங்கையோடு மணிக்கட்டுவரை சுற்றிக் கட்டினேன். இறுக்கும்போது அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. மேலே கர்ச்சீப்பைச் சுற்றியதும் சூட்டுக்குத் துணி பிடித்த மாதிரியே இருந்தது. இடது கையில் பாயாச வாளியோடு, தோளை மட்டும் அசைத்து அசைத்து, முதலாளிக்கும் சம்பந்திக்கும் ஊற்றிவிட்டு வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கட்டை அவிழ்த்தபோது கை நீலம் பாரித்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நானும் அப்பாவும் கடலூருக்குக் கிளம்பினோம். “சம்பந்தி தனியா அலையறாரே” என்று அக்காவின் மாமனார் கூடவே பஸ் ஏறிவிட்டார். நல்ல மனுஷர். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

விசாரணை தொழிலாளர் துறை அதிகாரியின் ஆபீஸ் அறையில்தான் நடந்தது. நானும் சம்பந்தியும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதலாளியின் வக்கீல் எழுந்து, மெதுவாக, வீட்டு விஷயம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“பொண்ணு கல்யாணம் நல்லா நடந்துதா?”

“நடந்துதுங்க.”

“எங்க கட்சிக்காரருக்குப் பாயாசம் ஊத்தனது யாரு?”

பதிலுக்கு நிற்காமல் வக்கீலே அடுத்ததையும் கேட்டார்.

“நீங்கதான? எந்தக் கையால ஊத்துனீங்க?”

என் பக்கத்தில் சம்பந்தி, “எனக்குந்தான ஊத்துனாரு” என்று பெருமையாக என்னிடம் முணுமுணுத்தார். கட்டிவிட்டது நான்தான் என்று எழுந்து கத்தியிருப்பேன். பாதி எழுந்தும்விட்டேன். அப்பா திரும்பி முதலில் சம்பந்தியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அக்கா கல்யாணமாகிப் போய் மூன்று மாசம்கூட ஆகவில்லை. நான் உட்கார்ந்தேன்.

“வலது கையாலதாங்க” என்றார் அப்பா. “சம்பந்திக்கு யாராவது இடது கையால ஊத்துவாங்களா?”

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் தீர்ப்பு என்று வந்தது வக்கீல் பீஸுக்கும் பஸ் செலவுக்கும்கூடப் போதவில்லை. முதலாளி தரப்பு பொய் சொல்லித் தோற்கடித்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அவர்கள் கேட்டது நிஜமாக நடந்ததை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அன்றைக்கு விசாரணை முடிந்து எங்கள் ஊர் விருத்தாசலத்துக்கு வந்ததும் சம்பந்தி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா பரிமாறினாள். அப்பா எதிரில் உட்கார்ந்து, “எனக்கு வவுறு சரியில்லீங்க, நீங்க சாப்புடுங்க” என்று உபசரித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கற கைய வச்சிக்கிட்டு எதுக்கு சம்பந்தி கேஸு, கோர்ட்டு? வுட்டுத் தள்ளுங்க” என்றார் அவர்.

“ஆமாங்க” என்றார் அப்பா.

அவரைத் திட்டக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். கதவைச் சாத்திவிட்டு, தினமும் செய்கிற மாதிரி சோற்றைப் பிசைந்து உருட்டி அப்பாவுக்கு ஊட்டினேன். இடது கையால் சாப்பிட அவருக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. நாலு வாய் வாங்கினார். ஐந்தாவது உருண்டைக்கு வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“ஒன் கல்யாணத்துல நீ மணையில ஒக்காந்திருப்ப” என்றார். “அன்னைக்கி கரண்டிய யாரு பாப்பா கட்டி வுடுவாங்க?”