வால்டர் பேசாமல் இருந்த நேரம்

ஆலீஸ் மடுத்தீனுக்கு நானூற்றைம்பது யூரோ கொடுக்கவேண்டியிருந்தது. பேசிய தொள்ளாயிரத்தில் பாதியை முன்பணமாகத் தந்தாயிற்று. மீதி, வேலையைக் கையில் வாங்கும்போது என்பது பேச்சு. வேலை முடிந்து மாதங்கள் போயும் மீதி வரவில்லை; மடுத்தீனும் போய்க் கேட்கவில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இதைக் கேள்விப்பட்டவர்கள் நம்ப மறுத்தார்கள். கலியாண வீட்டில் கழுத்து மாலை வாடுவதற்குள் மாப்பிள்ளையின் தகப்பனை மண்டப வாசலில் மறித்து, உள்ளங்கையை விரித்துப் பிடித்துக் காசை எண்ணி வாங்குகிற மனிதர் அவர்.

மடுத்தீன் லேசாக முன்னுக்கு வந்த ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பாரிசுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினார். கூடக் கழுவியவர்கள் சீட்டுக் காசில் ஊரில் காணி வாங்கியபோது அவர் ஒரு கமரா வாங்கினார். அதை எப்படிப் பிடிப்பதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. தோளில் தூக்கி வைத்தார், தோள் பழகிக்கொண்டது. இன்றைக்கு அங்கே ரூ காய் என்ற தெருவில், சேலைக்கடைக்குப் பக்கத்தில், ‘மடு ஒளிப்பதிவு’ என்ற பலகை தொங்குகிறது. பிரான்சில் தமிழாக்கள் கட்டிய கலியாணங்களில் பாதி அந்தப் பலகையின் கீழ்தான் படமானது என்பது அவருடைய கணக்கு. மற்றப் பாதி படமே இல்லை என்பதும் அவருடைய கணக்குத்தான்.

மனைவி இறந்த பிறகும் இந்தக் கணக்கைச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. சொல்லும்போது முகம்தான் கூட வரவில்லை. கடையைத் திறந்தார், மூடினார். சில நாட்களில் சாப்பிட்டதை மறந்து இன்னொருமுறை சாப்பிட்டார். பசியும் இல்லை, வயிறு நிறைந்ததும் தெரியவில்லை.

அப்படியொரு நாளில்தான் ஆர்த்திகா ஆலீசைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆர்த்திகா திருச்சிப் பிள்ளை. பாரிசில் அமெரிக்க வரலாறு ஆராய்ச்சி செய்கிறாள்.

“இந்தியாவிலை இருந்து பாரிசுக்கு வந்து அமெரிக்காவைப் படிக்கிறீரோ பிள்ளை? வழியிலை இறங்க மறந்துபோனீரோ?”

“அமெரிக்கா இங்கேயும் கொஞ்சம் இருக்கு அங்கிள். இவங்க அப்பா அதுல ஒருத்தர்.”

ஆலீசின் தகப்பன் வால்டர் கறுப்பு அமெரிக்கர். அமெரிக்கப் படை பிரான்சில் முகாம் வைத்திருந்த காலத்தில் சிப்பாயாக வந்தவர். முகாம்களை மூடிக்கொண்டு படை போனபோது அவர் போகவில்லை. பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் கிட்டங்கியொன்றில் வேலை பார்த்து, பிரெஞ்சுக்காரியைக் கட்டி, அங்கேயே கிழவராகி இறந்தார். இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆலீஸ் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு வீடியோ நாடாவில் பிடித்திருந்தாள். அந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தரவேண்டும். ஆர்த்திகா அதிலிருந்து படம் செய்வாள். படமும் பேச்சும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குப் போகும், பொதுமக்கள் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

மடுத்தீன் நாடாவை வெளிச்சத்தில் பிடித்தார். பூஞ்சணம் பிடித்து உரியத் தொடங்கியிருந்தது.

“இது ஒருதரம்தான் ஓடும். அந்த ஒருதரத்தை என்னட்டைத் தந்தது உங்கடை அதிர்ஷ்டம், மதாம்” என்றார் பிரெஞ்சில். தெருவில் பொறுக்கிய பிரெஞ்சுதான், ஆனால் விலை பேசப் போதும்.

அவர் சொன்னபடியே ஒருமுறைதான் ஓடியது. சிக்கினால் நிறுத்தவேண்டுமென்று முழுநேரமும் முன்னால் இருந்தார். வால்டர் பிரெஞ்சில்தான் பேசினார். விடுமுறையில் அமெரிக்காவுக்கு, சொந்த ஊருக்குப் போன கதை வந்தது. படைச் சீருடையோடு தாய்க்குப் பக்கத்தில் பஸ்சில் இருந்தவரை, வெள்ளைக்காரனுக்கு இடம் விட்டு எழும்பச் சொன்னான் சாரதி. எழும்பு மகனே என்று தாயும் கெஞ்சினாள். வழிமுழுக்க நின்றுகொண்டு போனார். மடுத்தீன் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம் என்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் அவருக்கு எதுவும் அப்படித் தோன்றுவதில்லை.

நாடா ஓடி முடிந்ததும், யாரும் கேட்காமலே, காட்சிகளை வெட்டும் வேலைக்கு இருந்தார். எத்தனையோ ஆண்டாகக் கலியாணப் படத்துக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்தார். பேசாமல், சிரிக்காமல், சாப்பிடாமல் திரையில் ஒரு முகம் இருந்தால் சொந்தக்காரர் காசு தரும்போது முகம் சுளிப்பார்கள். அப்படியான இடங்களை எடுத்துப்போடவேண்டும். வேலையைக் கொடுத்ததும் மூலத்தை அழித்துவிடவேண்டும். அடுத்த கலியாணத்துக்கு இடம் வேண்டும். அதோடு, கட்டினதுகள் பிரிந்தபிறகு வழக்குக்கென்று படம் கேட்டு வருகிற வம்பும் இராது.

முதல் காட்சி பல்கலைக்கழகத்தில் நடந்தது. கோட் போட்டுக்கொண்டு போன மடுத்தீனை முன்வரிசையில் இருத்தினார்கள். திரையில் முகாம்களின் பழைய படங்கள், செய்தித்தாள் துண்டுகள், நடுநடுவே வால்டர். ஆர்த்திகா கடைசிக் கேள்வியைப் படத்தின் முடிவாக வைத்திருந்தாள். ஆலீசின் குரல் கேட்டது: “அப்பா, ஏன் திரும்பிப் போகவில்லை?” உடனே வால்டர் சொன்னார்: “கோப்பி ஆறிவிட்டதா?”

அரங்கம் சிரித்தது. பேராசிரியர்களும் சிரித்தார்கள். படம் சனத்துக்குப் பிடித்துவிட்டது என்று மடுத்தீனும் தலையாட்டினார். அதுவரை அந்தப் படத்தைப் பார்க்க மனம் வராதிருந்த ஆலீஸ் மட்டும் எழுந்து நின்றாள்.

வெளியே, நடைபாதையில், அவள் மெல்லக் கேட்டாள்:

“கேள்விக்கும் கோப்பிக்கும் நடுவில் அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். அது எங்கே?”

“அதுவா மதாம்? எடுத்துவிட்டேன். அதற்கென்று தனியாகக் காசு போடவில்லை.”

“அந்தக் கேள்வியை அவரிடம் என் ஆயுளில் ஒருமுறைதான் கேட்டேன்.”

“அங்கிள், நான் அவர் ஜோக்கா சொல்றார்னு நெனச்சிட்டேன்” என்றாள் ஆர்த்திகா. “ஒரிஜினல் இருக்குல்ல?”

மடுத்தீன் கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

அடுத்த நாள் ரூ லூயி-பிளாங்கில் கணினி திருத்துகிற கிருஷிகனிடம் மூலம் இருந்த வன்தட்டைக் கொண்டுபோய் வைத்தார். அவன் பகல் முழுக்கத் தேடினான்.

“அண்ணை, அதுக்கு மேலை தர்மிளா எண்ட பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படம் ஏறியிருக்கு.”

“அதைக் கிளப்பிப்போட்டுப் பாரன்.”

“சீலையே, உரிஞ்சு பாக்க? இனி அடியிலை ஒண்டும் இல்லை. பிள்ளை பல்லக்கிலை வாறதுதான் இருக்கு.”

மடுத்தீன் தட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே ஏதாவது வலிக்கும் என்று காத்திருந்தார். வலிக்கவில்லை. ரூ காய் வழக்கம்போல இருந்தது. கறிவேப்பிலைப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு ஆலீஸ் அந்தத் தெருவால் வந்தால் அவர் கடைக்குள் விளக்கை அணைத்தார். பக்கத்துச் சேலைக்கடைக் கரிகாலன் இதைக் கவனித்துவிட்டார்.

“கடன்காரர் உங்களைக் கண்டு ஒளிக்கிறதுதான் பாத்திருக்கிறன் அண்ணை. இப்ப நீங்கள் கடன்காரியைக் கண்டு ஒளிக்கிறியள்.”

“கறண்டுக் காசு கூடிப்போச்சு, அதாலை லைற்றை நூத்தனான்.”

“ஓம் ஓம். அவ போனாப்பிறகு குறைஞ்சிடும்.”

ஒருநாள் அணைப்பதற்குள் ஆலீஸ் உள்ளே வந்துவிட்டாள். பின்னால் ஆர்த்திகா, கையில் கமராவோடு.

“அதை நீங்கள் முழுதாகப் பார்த்தீர்களா?” என்று ஆலீஸ் கேட்டாள்.

“பார்த்தேன். நாடா சிக்கும் என்று முன்னாலேயே இருந்தேன்.”

“நான் பார்க்கவில்லை. கமராவுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டுவிட்டோமே என்று இருந்தது.” அவள் கதிரையொன்றை இழுத்து உட்கார்ந்தாள். “அப்படியென்றால் உங்களைத் தவிர அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. சொல்லுங்கள்.”

பெண் மாப்பிள்ளையைப் படம் பிடிக்கிற சிவப்பு மெத்தைக் கதிரைதான் வெளிச்சம் விழுகிற இடத்தில் இருந்தது. அதில் அவரை இருத்தினார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கமராவின் இந்தப் பக்கம். தமிழில் சொல்லச் சொன்னாள் ஆர்த்திகா.

“என்ரை பேர் மடுத்தீன். பிரான்சிலை தமிழாக்களின்ரை கலியாணத்திலை பாதி...”

“அங்கிள், பேர் மட்டும் போதும்.”

அவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“மதாம் கேட்டவ. மனிசனுக்குக் கேட்டது. கேக்காத மாதிரி இல்லை. மேசையிலை கிடந்த தொப்பியை எடுத்து மடியிலை வைச்சுக் கரையைத் தடவினார். பிறகு எழும்பினார். எழும்பினவுடனை தலை படத்துக்கு வெளியிலை போயிட்டுது. தலையில்லாத படத்துக்கு ஒருத்தரும் காசு தரமாட்டினம். அதாலையும்தான் வெட்டினனான்.”

“அப்புறம்?”

“போகப்போறாரெண்டு நினைச்சன். போகேல்லை. தான் இருந்த கதிரைக்குப் பின்னாலை வந்து நிண்டார். கையிரண்டும் வயிறும்தான் படத்திலை. கதிரை முதுகை இறுக்கிப் பிடிச்சிருந்தார். பஸ் ஓடேக்கை நிண்டுகொண்டு பிடிக்கிற பிடி. உடம்பு இப்பிடி இப்பிடி ஆடினது. திருப்பத்திலை ஆடுற மாதிரி. அப்பிடியே நிண்டார். நான் நாடா இறுகிப்போச்செண்டு மெசினைத் தட்டிப் பாத்தனான். நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு வந்து இருந்தார். கோப்பியைக் கேட்டார்.”

ஆர்த்திகா அதை ஆலீசுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். ஆலீஸ் எழுந்து, தான் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். மடுத்தீன் சிவப்புக் கதிரையிலேயே இருந்தார். எழும்பவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது காட்சி லா ஷப்பலுக்குக் கிட்ட ஒரு பொது நூலகத்தில். தெருவில் போனவர்களும் வந்திருந்தார்கள். கரிகாலன் கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். திரையில் ஆலீஸ் கேட்டாள்: “அப்பா, ஏன் திரும்பிப் போகவில்லை?” படம் கறுத்தது. அந்த இடம் ஏன் இல்லை என்று ஒரு வரி எழுத்தில் வந்தது. பிறகு சிவப்புக் கதிரையில் மடுத்தீன். அவர் சொல்லச் சொல்லக் கீழே பிரெஞ்சு ஓடியது. அவர் முடித்ததும் வால்டர் வந்தார். கோப்பி ஆறிவிட்டதா என்று கேட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மடுத்தீன் அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தார், பிறகு முன்னால் பார்த்தார்.

வாசலில் ஆலீஸ் அவரை மறித்தாள். கைப்பையைத் திறந்தாள்.

“வேண்டாம் மதாம். அது பழுதாய்ப்போன வேலை.”

“வேலையைக் கையில் வாங்கும்போது மீதி என்றீர்கள். நான் இன்றைக்குத்தான் வாங்கினேன்.”

பின்னால் கரிகாலன் செருமினார். “வாங்குங்கோ அண்ணை. பிறகு லைற்றை நூக்கத் தேவையில்லை.”

மடுத்தீன் கையை நீட்டினார். அத்தனை கலியாண மண்டப வாசல்களில் நீட்டிய கை, தானாக விரிந்தது. ஆலீஸ் ஐம்பது யூரோத் தாள்களை ஒவ்வொன்றாக, பிரெஞ்சில் எண்ணிச் சொல்லி, அந்த உள்ளங்கையில் வைத்தாள். ஒன்பதாவது தாளும் விழுந்தது. விரல்களை மடக்காமல் அவர் அப்படியே நின்றார்.